கையைத் தூக்கினால் நிற்க வேண்டும்

என் காரின் கதவில் ஒரு வரி எழுதியிருக்கும்: "பதினான்கு வருடம், ஒரு சீட்டு கூட இல்லை." சீட்டு என்றால் போக்குவரத்துப் போலீஸ் கிழித்துக் கையில் கொடுக்கிற குற்றச் சீட்டு. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என்னிடம் படித்தவர்கள் நடுரோட்டில் அழுதிருக்கிறார்கள், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தியிருக்கிறார்கள், ஒருவர் கதவைத் திறந்துகொண்டு ஓடியே போயிருக்கிறார். ஆனாலும் என் கார் சீட்டு வாங்கியதில்லை. எதிர்த்தெருவில் நாலு கார் வைத்த பள்ளி ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, சிரித்துக்கொண்டே பெயர் எழுதிக்கொள்ள ஒரு பெண். எனக்கு இருப்பது ஒரு கார், இந்த ஒரு வரி. வரியைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள். என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே கனக்கும்?

அந்த வரிக்கு ஆபத்து வெளியாளால் வரவில்லை. வீட்டுக்காரரின் அக்காவால் வந்தது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வயது ஐம்பத்திரண்டு, இருபத்தெட்டு வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போட்டது குழந்தைக்கே தெரியாது, அவ்வளவு நல்ல கை. ஒரு பார்வை பார்த்தால் வார்டே அடங்கும். அதே பார்வையைத்தான் எங்கள் வீட்டுக்குள்ளும் எடுத்துக்கொண்டு வருவார். நான் காய் நறுக்கும் விதம், துணி மடிக்கும் விதம், மகளுக்குத் தலை பின்னும் விதம் எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு திருத்தம் உண்டு. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் அண்ணி உடைத்தாலும் மண்குடம்தான். வீட்டுக்காரர் அக்காவுக்கும் பேசமாட்டார், எனக்கும் பேசமாட்டார், செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

அண்ணியின் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வேலை வந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரி ஒரு சின்னக் கார் கொடுக்கும், நர்ஸே ஓட்டிக்கொள்ள வேண்டும். அண்ணிக்கு அந்த வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாலு மாதத்துக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. காட்டாவிட்டால் அடுத்த பெயர் தயாராக இருந்தது. ஒரு நாள் அவர் தம்பியிடம் மெதுவாகச் சொன்னது சமையலறையில் இருந்த என் காதில் விழுந்தது. "இன்னும் ஆறு வருஷம் வார்டுல நிக்க என் முழங்காலால முடியாதுடா." அவர் வாயிலிருந்து முடியாது என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

அதற்குள் அவர் இரண்டு தடவை தேர்வில் தோற்றிருந்தார். என்னிடம் வர மனசில்லாமல் எதிர்த்தெரு நாலு கார்ப் பள்ளியில் போய்ப் படித்ததன் பலன். முதல் தேர்வில் அதிகாரி கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார். மெதுவாகத்தான் போகிறேன் என்று அண்ணி அவர் பக்கம் திரும்பிப் பதில் சொல்லியிருக்கிறார். சொல்லி முடிக்கும்போது கார் நடைபாதை மேல் இருந்தது. இரண்டாவது தேர்விலும் இதே கதைதான், நடைபாதைக்குப் பதிலாக வேலி. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்று, "உனக்கு நேரம் இருந்தா சொல்லு" என்றார். அவர் அகராதியில் அது காலில் விழுவதற்குச் சமம். நான் அதை நன்றாக அனுபவித்துக்கொண்டே, நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வாங்க என்றேன்.

முதல் வாரம் என் கெண்டைக்கால் வீங்கிவிட்டது. என் காரில் நான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளச் உண்டு. அந்தப் பிரேக்கை அவ்வளவு மிதித்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணி இரண்டு சொல்வார். சொல்லும்போது முகம் என் பக்கம் திரும்பும். முகம் திரும்பினால் கையும் திரும்பும், கை திரும்பினால் காரும் திரும்பும். இரண்டாவது வாரம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பேச்சுத்தானே வம்பு, பேசவே வேண்டாம். மூன்று சைகை வைத்தேன். உள்ளங்கையைத் தூக்கினால் நிற்க வேண்டும், கை இறங்கினால் போகலாம். டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாக. இரண்டு தட்டு தட்டினால் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

"அண்ணி, கார்ல நான் என்ன பேசினாலும் காதுல போட்டுக்காதீங்க. கையை மட்டும் பாருங்க" என்றேன்.

"நீ பேசுறதைக் காதுல போட்டுக்காம இருக்கணும், அவ்வளவுதானே? அது எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம்" என்றார்.

சைகை வேலை செய்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எள் என்றால் எண்ணெயாக நின்றார். நான் கையைத் தூக்கும்போதே கார் நிற்கும். பத்து வாரம், வாரத்தில் நாலு நாள், காருக்குள் சத்தமே கிடையாது. பேச்சுக்குப் பதில் பேசும் நோய் தீர்ந்துவிட்டது, தேர்வில் இனி என்ன பயம் என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். இந்த முறையை இனி எல்லாருக்கும் வைக்கப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் தாளைக் கீழே இறக்கி, "எங்க அக்காவை நீ அடக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார்.

மூன்றாவது தேர்வு அன்று காலை பதினொரு மணிக்கு. அதை விட்டால் அடுத்த மாதம்தான் தேதி, அதற்குள் ஆஸ்பத்திரி கொடுத்த கெடு முடிந்துவிடும். பத்து மணிக்கே கிளம்பிவிட்டோம். அண்ணி துவைத்துத் தேய்த்த நர்ஸ் உடையில் வந்திருந்தார்; தேர்வு முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் லைசென்ஸைக் காட்டுவதாகத் திட்டம். அவரே ஓட்டினார். சந்தைத் தெருவைத் தாண்டினோம், பாலத்தைத் தாண்டினோம், ஒரு குறை சொல்ல எனக்கு இடமில்லை. நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு ரோடு சேரும் இடத்தில் சிக்னல் விளக்கு எரியவில்லை. நடுவில் ஒரு காவலர் நின்று கையால் வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், சட்டைப்பையில் கூர் சீவிய பென்சில் இரண்டு. அலமாரி மேல்தட்டில் தூசி தட்டுகிறவர் மாதிரி கையை வீசிக்கொண்டிருந்தார். எங்களைப் போகச் சொன்னார். அண்ணியும் போனார். நாங்கள் சரியாக நடுவுக்கு வந்தபோது பக்கத்து ரோட்டிலிருந்து ஒரு வேன் முண்டிக்கொண்டு வந்தது. அதை நிறுத்தக் காவலர் கையைத் தூக்கினார். முகம் வேனைப் பார்த்தது. உடம்பும் உள்ளங்கையும் எங்களைப் பார்த்தன.

அண்ணி நின்றார். கிளச், பிரேக், ஒரு குலுக்கல் இல்லை. பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அப்படி ஒரு நிறுத்தம். இடம்தான் தப்பு. நாலு ரோட்டுக்கும் நட்டநடுவில் குறுக்கே நின்றுவிட்டோம்.

நான் போங்க அண்ணி என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. காதில் வாங்கக் கூடாது என்று சொன்னதே நான்தானே. மறுபடி உரக்கச் சொன்னேன். அவர் கண் காவலரின் கையிலேயே இருந்தது. பின்னால் ஹாரன், பக்கத்தில் ஹாரன். காவலர் போ போ என்று தூக்கிய கையை இன்னும் வேகமாக ஆட்டினார். பதறிப்போய் நானும் கையைத் தூக்கி முன்பக்கம் காட்டி ஆட்டினேன். இப்போது இரண்டு கை தூக்கியிருந்தது. அண்ணி ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டார்.

என் பக்கம் பிரேக்கும் கிளச்சும் உண்டு என்றேன் அல்லவா, ஆக்ஸிலேட்டர் கிடையாது. ஓடுகிற காரை நான் நிறுத்தலாம். நிற்கிற காரை நகர்த்த முடியாது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சும்மாவா சொன்னார்கள். காவலர் ஓடி வந்து பானெட்டில் ஒரு தட்டு தட்டினார். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போக வேண்டும். நிற்கிற காரை இதற்கு மேல் எப்படி மெதுவாக்குவது என்று தெரியாமல் அண்ணி நெற்றியைச் சுருக்கினார். கடைசியில் காவலர் சலித்துப்போய்க் கையைக் கீழே போட்டார். அந்த நொடியே அண்ணி ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு வழுக்கிக்கொண்டு போவதுபோல் காரை நகர்த்தினார். காவலர் ஓரத்தைக் காட்டினார். ஓரம் கட்டினோம்.

பதினான்கு வருடத்தில் போலீஸ் என் காரை ஓரம் கட்டச் சொன்னது அதுதான் முதல் தடவை. கதவில் இருந்த வரியைக் காவலர் நின்று நிதானமாகப் படித்தார். எனக்கு முகம் சுட்டது.

ஆள் மரியாதையானவர்தான். வேறொருவரை இடத்தில் நிறுத்திவிட்டு வந்து அண்ணியின் பழகுநர் அட்டையையும் என் அனுமதி அட்டையையும் வாங்கிப் பார்த்தார். போலீஸ் கை காட்டியும் போகாமல் நாலு ரோட்டை மறித்தது குற்றம், விதி இன்னது, உட்பிரிவு இன்னது என்று மூச்சு விடாமல் சொன்னார். விதியை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிற போலீஸை நான் பார்த்ததில்லை. எத்தனை நாளாக ரோட்டு வேலை என்று கேட்டேன். பதினேழு வருடம் ஆவண அறையில் இருந்தாராம், ரோட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறதாம்.

எனக்கு அது போதுமாக இருந்தது. காரை விட்டு இறங்கினேன். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து வண்டிதான் நிற்க வேண்டும், அது விதியா இல்லையா என்று கேட்டேன். விதிதான் என்றார். உங்கள் உள்ளங்கை எங்கள் பக்கம் இருந்ததா இல்லையா என்று கேட்டேன். யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர், இருந்திருக்கலாம் என்றார். நடைபாதையில் நின்று நானே செய்து காட்டினேன். வேனை நிறுத்த வேண்டுமென்றால் உடம்பை வேன் பக்கம் திருப்ப வேண்டும், ஒரு கையால் நிறுத்தும்போது மறு கையால் மற்றவர்களை விட வேண்டும். பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காவலர் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

குறித்துக்கொண்டபின், "நீங்க சொல்றது நியாயம்தாங்க மேடம். நீங்க மறுப்பு எழுதிக் குடுத்தா ஜெயிச்சுடுவீங்க. ஆனா அப்படின்னா ரெண்டு பேர் அட்டையும் ஸ்டேஷனுக்குப் போகும். விசாரணை முடிய நாலு நாள் ஆகும்" என்றார்.

அட்டை இல்லாமல் தேர்வுக்கு விடமாட்டார்கள். மணி பத்து முப்பத்தைந்து. நான் ஜெயிக்கலாம். என் கதவில் இருக்கிற வரி அப்படியே இருக்கும். அண்ணி இன்னும் ஆறு வருடம் வார்டில் நிற்பார்.

மறுக்காவிட்டால் என்ன என்று கேட்டேன். சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போதே போகலாம் என்றார். ஆனால் யார் மேல் சீட்டு என்று எழுத வேண்டும். பழகுநர் மேல் எழுதினால் அவர் ஒரு மாதம் தேர்வுக்குப் போக முடியாது. கற்றுக்கொடுப்பவர் மேல் எழுதினால் அது அவருடைய பதிவில் ஏறும்.

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தார். காரை விட்டு இறங்காமலே, ஜன்னல் வழியாக, வார்டில் பேசுகிற குரலில் பேசினார். "என் பேர்ல எழுதுங்க. அவ போங்கன்னு ரெண்டு தடவை சொன்னா. நான்தான் கேக்கலை."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் தன் தப்பு என்று ஒன்றைக்கூட ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ள இந்த நேரம்தானா கிடைத்தது? எனக்குக் கோபம் வந்தது. அவர் சொல்வதைக் கேட்காதீர்கள், நான் பேசுவதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று காவலரிடம் சொன்னேன். அண்ணி விடவில்லை, ஸ்டியரிங் என் கையில்தானே இருந்தது என்றார். பாடம் என் பாடம் என்றேன். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாக அவர் காருக்குள்ளிருந்தும் நான் வெளியே நின்றும் காவலரை இரண்டு பக்கமும் இழுத்தோம்.

காவலர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மூணு நாளா எல்லாரும் நான் இல்லை நான் இல்லைன்னுதான் சொன்னாங்க. நான்தான்னு சொல்லி ரெண்டு பேர் சண்டை போடுறது இதுதான் முதல் தடவை" என்றார்.

நான் விதியைச் சொன்னேன். இரட்டைப் பிரேக் வண்டியில் பழகுநர் பக்கத்தில் ஆசிரியர் இருந்தால், சட்டப்படி ஓட்டுநர் ஆசிரியர்தான். உட்பிரிவு எண்ணையும் சொன்னேன். அவருக்கு அது மனப்பாடம், தலையாட்டினார். என் பெயரை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். சீட்டு மஞ்சள் நிறம். பதினான்கு வருடம் என் மாணவர்களுக்கு அதன் நிறத்தைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறேன். இவ்வளவு மெல்லிய காகிதம் என்று எனக்கே தெரியாது. மடித்துப் பையில் போட்டேன். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

காரில் ஏறி உட்கார்ந்ததும்தான் இதைவிடப் பெரிய பள்ளம் கண்ணில் பட்டது. தேர்வில் பக்கத்தில் உட்காரப்போவது நான் இல்லை, ஒரு அதிகாரி. அவர் வாயால்தான் சொல்வார். அண்ணி வாயைக் கேட்கமாட்டார். அதிகாரி தலை சொறியக் கையைத் தூக்கினால் நின்றுவிடுவார். பத்து வாரம் ஊட்டி ஊட்டிப் பழக்கியதை எடுக்க என் கையில் இருந்தது இருபது நிமிடம். தன் வினை தன்னைச் சுடும் என்று தெரியாமலா சொன்னார்கள்?

நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணி, சைகை எல்லாம் முடிஞ்சுது. இனிமே என் வாய்தான். யார் கையைத் தூக்கினாலும் நிக்காதீங்க, போலீஸைத் தவிர. வார்த்தையைக் கேளுங்க, பதில் சொல்லாதீங்க. பதில் சொல்லணும்னு தோணினா சரின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வார்டை அடக்குகிற அதே பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை. என் கை இரண்டும் எனக்குக் கீழே நசுங்கிக்கொண்டிருந்தன. எனக்கு என் தொழில் தெரியும்.

"சரி" என்றார் அண்ணி.

வலது பக்கம் திரும்புங்க என்றேன். சரி என்றார், திரும்பினார். கண்ணாடியைப் பாருங்க. சரி. பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டாதீங்க. கழுத்து என் பக்கம் திரும்பப் பார்த்தது, பாதியில் நின்றது. சரி என்றார். முன்னால் போன லாரிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார், அண்ணியின் கால் துடித்தது, போங்க என்றேன், போனார். பேசிக்கொண்டே வந்தேன். மெதுவாக, இன்னும் கொஞ்சம், நேராக, அப்படித்தான், நன்றாக ஓட்டுகிறீர்கள். கடைசியாகச் சொன்னதற்கும் சரி என்றார். இருபது நிமிடம் நான் பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டே வந்தார். என் கல்யாணத்திலிருந்து அன்றுவரை நான் பேசியதை அவர் கேட்ட நேரத்தையெல்லாம் கூட்டினாலும் இருபது நிமிடம் வராது. தேர்வுத் திடலுக்கு வரும்போது மணி பத்து ஐம்பத்தாறு. தொடைக்குக் கீழிருந்து எடுத்தபோது என் கை இரண்டும் மரத்துப்போயிருந்தன.

தேர்வு அதிகாரியைப் பார்த்ததும் போச்சு என்று நினைத்தேன். சிலருக்கு வாயைக் கட்டினால் பேச வராது. இவருக்குக் கையைக் கட்டினால் பேச வராது. கோப்பு எங்கே என்று குமாஸ்தாவிடம் கேட்பதற்கே இரண்டு கையையும் காற்றில் வீசினார். அண்ணியும் அதைப் பார்த்தார். போய் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்தார். நான் தகரக் கூரைக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கார் கிளம்பியது. முதல் வளைவு, பின்னால் எடுப்பது, கூம்புகளுக்கு நடுவே புகுந்து வருவது எல்லாம் சரியாக நடந்தது. கடைசியில் மேட்டில் ஏற வேண்டும். மேட்டில் காரணமில்லாமல் நின்றால் அதோடு தோல்வி. கார் பாதி மேட்டில் இருக்கும்போது பெஞ்சிலிருந்தே காரின் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அதிகாரியின் கை மேலே போனது. உள்ளங்கை விரிந்திருந்தது. வெயிலுக்காகத்தான் இருக்க வேண்டும், கண்ணை மறைத்துக்கொண்டார். பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். போங்க அண்ணி என்று வாய்க்குள் சொன்னேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முழுதாக நிற்பதற்குள் விளக்கு அணைந்தது. கார் மேட்டில் ஏறியது.

அண்ணி வெளியே வந்தபோது கையில் முத்திரை குத்திய லைசென்ஸ் காகிதம் இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. அவருக்குப் பொதுவிடத்தில் சிரித்துப் பழக்கமில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலை மெல்லத் தேய்த்துக்கொண்டார்.

"அவர் கையைத் தூக்கினாரு. கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு. அப்புறம் உன் குரல் காதுல கேட்டுச்சு" என்றார்.

எனக்குக் கண் நிறைந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டு துடைத்தேன். அண்ணி பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துக் கொடுத்தார். நர்ஸ்தானே.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அதே நாலு ரோடு. அதே காவலர். வேனுக்கு வேன் பக்கம் திரும்பி, ஒரு கையால் நிறுத்தி மறு கையால் எங்கள் எதிர்ப்பக்கத்தை விட்டுக்கொண்டிருந்தார். பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பக்கம் உள்ளங்கையைக் காட்டினார். அண்ணி கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நிறுத்தினார். காவலர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார், உடம்பை நேராக்கிக்கொண்டு எங்களை வரச் சொல்லிக் கை காட்டினார். நான் போங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தெரியும். வாயை மூடு" என்றார் அண்ணி.

வாயை மூடச் சொல்லி யாராவது சொன்னதற்காக நான் வாழ்க்கையில் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை பிளேடும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனேன். பொய்யான வரியைச் சுமந்துகொண்டு நான் வண்டி ஓட்டமாட்டேன். ராத்திரியெல்லாம் அந்த வரி இல்லாத கதவை மனசுக்குள் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் யாரோ வந்துபோயிருந்தார்கள். காயத்துக்குக் கட்டுப் போட ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரி இரண்டு துண்டு கதவில் ஒட்டியிருந்தது, ஓரம் மடியாமல், சுருக்கம் இல்லாமல், ஒரே நேர்க்கோட்டில். இந்தக் குடும்பத்தில் அப்படி ஒட்டத் தெரிந்த கை ஒன்றுதான் உண்டு. முதல் துண்டு பழைய வரியின் பின்பாதியை மறைத்திருந்தது. அதன் மேல் மருந்துச் சீட்டில் எழுதுவதுபோல் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. இப்போது வரி இப்படி இருந்தது: "பதினான்கு வருடம், ஒரே ஒரு சீட்டு."

கீழே ஒட்டிய துண்டில், "அது எனக்காக வாங்கியது."

பிளேடை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். காலை ஆறு மணி மாணவர் வந்து கதவில் இருந்ததைப் படித்துவிட்டு, யாருக்காக என்று கேட்டார். எங்க அண்ணிக்காக என்று சொல்லிவிட்டு, முதலில் கண்ணாடியைச் சரி செய்யுங்கள் என்றேன்.